வருகைப் பதிவு

அட, கூட்டிச் சொல்லலப்பா! பி.எட். படிக்கிற பிள்ளை எப்படித் தெனம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திச் சம்பளமும் வாங்கும்னுதானே கேக்குற? வாங்கும். ஆசிபா வாங்குச்சே!

பந்தல்குடியில ஒரு இங்கிலீசு மீடியம் பள்ளிக்கூடம். அங்க ஏழாப்புக்குக் கணக்கு டீச்சர் அவ. படிக்கிற காலேஜு திருச்சுழி ரோட்டுல, கருவேலங்காட்டுக்குள்ள. முன்ன அது கோழிப்பண்ணை. கோழிக்கு நோவு வந்து மொதலாளி நொடிச்சுப் போகவும், வெள்ளையடிச்சுக் காலேஜுன்னு போர்டு மாட்டிட்டாரு. மழை பேஞ்சா இன்னமும் அந்த வாடை வரும். அது கெடக்கட்டும்.

அங்க தெனம் போக வேண்டியதில்ல. தனியா ஒரு ஃபீஸு கட்டிட்டா, வந்த மாதிரி அவுகளே போட்டுக்கிடுவாக. இன்ஸ்பெக்சன் அன்னிக்கு மட்டும் நேர்ல வந்து உக்காரணும். வராட்டி ஹால் டிக்கெட் கிடையாது.

வந்துச்சு இன்ஸ்பெக்சன், வியாழக்கிழமை.

ஹெச்.எம். சண்முகவடிவு ரூமுக்குப் போனா ஆசிபா. அவுக சேலை மடிப்புக் கலையாத பொம்பள. லேட்டா வந்த பிள்ளைய வெயில்ல நிப்பாட்டிருவாக. ஒருக்கா சொந்த மகனையே நிப்பாட்டி, அவன் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏத்தி... அதுவும் கெடக்கட்டும்.

"மேடம், வியாழக்கிழமை ஒரு நா லீவு வேணும். எங்க மாமி வீட்டுக் கல்யாணம்."

"அன்னிக்கு எனக்கு விருதுநகர்ல மீட்டிங்கு. நீயும் போயிட்டா பள்ளிக்கூடத்த யாரு பாக்குறது?"

"ஒரே ஒரு நா மேடம்..."

"வகுப்பு வாசல மிதிக்காமலே பட்டம் வாங்கப் போற ஆளு நீ. ஒரு பிள்ளையப் பாத்து, நேத்து ஏன் வரலன்னு கேக்க உனக்கு வாய் வருமா?"

வெளிய நின்ன ரெண்டு டீச்சரு களுக்குன்னு சிரிச்சாக.

"வியாழக்கிழமை வரலன்னா வெள்ளிக்கிழமையும் வராத. எப்பவுமே வராத."

ஆசிபா வெளிய வந்து வராண்டாவுல உக்காந்துட்டா. வேலை போனா அத்தாவோட மருந்துச் செலவுக்கு வழியில்ல. பட்டம் போனா ஆயுசுக்கும் இதே அரைச் சம்பளம்.

பள்ளிக்கூடம் கூட்டுற ஆயா முத்துத்தாயிதான் சொன்னா: "நீ போ தாயி. ஏழாப்ப நான் பாத்துக்கிடுறேன்."

போனா. காலேஜுல கூட்டமான கூட்டம். மூணாவது செமஸ்டரு படிக்கிறவுக, பக்கத்துல உக்காந்தவுககிட்ட "உங்க பேரு என்ன?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாக.

கிளார்க்கு பாண்டீஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க வந்தாரு. "இப்ப உளவியல் பேராசிரியை வருவாக. மொத வருசத்துல இருந்து அவுகதான் உங்களுக்குப் பாடம் எடுக்குறாக. மூஞ்சியப் பாத்து வச்சுக்கங்க!"

பேராசிரியை வந்தாக. மடிப்புக் கலையாத சேலை. சண்முகவடிவேதான்! பேராசிரியைன்னு கணக்குக் காட்ட, அவுக சர்டிபிகேட்டு அங்க வாடகைக்கு இருந்திருக்கு.

ஆசிபாவப் பாத்ததும் அவுக கையில இருந்த சாக்பீஸு ரெண்டா ஒடிஞ்சுச்சு.

பின்னாடியே ஆபீசர் வந்தாரு. வந்தவரு நேரா ஆசிபாவத்தான் எழுப்புனாரு.

"இந்த மேடம் ஒழுங்கா வகுப்புக்கு வர்றாங்களாம்மா?"

சண்முகவடிவுக்கு நெத்தியெல்லாம் வேர்வை. ஒரு வார்த்தை மாறிச் சொன்னாப் போதும், ரெண்டு பேரு பொழப்பும் சந்தி சிரிச்சிரும்.

ஆசிபா சொன்னா:

"ஒரு நா கூட லீவு போட்டதில்ல சார்."

மறுநா காலையில ஹெச்.எம். கூப்புட்டாக.

"கல்யாணம் நல்லா நடந்துச்சாம்மா?"

"நல்லா நடந்துச்சு மேடம். உங்க மீட்டிங்கு?"

"அதுவும்தான். உக்காரும்மா, ஏன் நிக்கிற? நேத்து நாம ரெண்டு பேருமே நாள் முச்சூடும் இங்கதான் இருந்தோம். வெளங்குதா?"

ஆசிபா தலையாட்டுனா. சண்முகவடிவு பேனா மூடியக் கழட்டிக்கிட்டே வாசப் பக்கம் பாத்தாக. அங்க முத்துத்தாயி, ஏழாப்புப் பிள்ளைகளுக்கு முந்துன நா பூராவும் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்ததுல தொண்டை கட்டிப் போயி, வெளக்கமாத்தோட நின்னா.

"ஏ முத்துத்தாயி! நேத்து வராண்டாவக் கூட்டாம எங்க போயித் தொலைஞ்ச? மொதல்ல அந்த அட்டெண்டன்ஸு நோட்ட உள்ள கொண்டா!"