வீட்டுக்கு ஒரு பெரியநாயகி

எனக்கும் என் மாமியாருக்கும் ஒரே பெயர், பெரியநாயகி. கல்யாணமாகி வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "எம்மவன் உன்னப் பேர் சொல்லித் திட்டுனா என்னத் திட்டுன மாதிரி இருக்கும். இனிமே நீ செல்வி." இருபத்திரண்டு வருடங்களாக இந்த வீட்டின் வசவுகளையெல்லாம் செல்விதான் வாங்கினாள். பெயர் ஒரு கீறல் இல்லாமல் மாமியாரிடம் இருந்தது.

இன்று காலை பால் பொங்கியது. நான் அடுப்பருகில்தான் கைகட்டி நின்றிருந்தேன்.

"செல்வி, பால் பொங்குது பாரு!" கூடத்திலிருந்து கணவர் கத்தினார். அவர் பக்கத்தில் மாமியார் சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. "ஏய் செல்வி!" பால் வழிந்து அடுப்பில் கருகியது.

"செல்வின்னு இங்க யாரும் இல்லீங்க" என்றேன்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அடியே பெரியநாயகி! மூதேவி! காது என்ன செவிடா?"

வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றுபோனது.

அடுப்பை அணைத்தேன். கூடத்துக்குப் போய், மாமியாரின் முகத்தைப் பார்த்தபடியே கணவரிடம் சொன்னேன்.

"சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்கா கூப்பிடுங்க."