இடப்பக்கம் நகர்ந்த கோடு

கல்லூரியில் அன்று பேசவேண்டிய பொருளாதார செமினாரை சந்தனச்செல்வி அப்பாவிடம் ஒத்திகை பார்த்தாள்.

“இது மொத்தத் தேவைக் கோடு, இது மொத்த அளிப்புக் கோடு. வெளிநாட்டு ஆர்டர் நின்னா தேவைக் கோடு இடப்பக்கம் நகரும்ப்பா.”

இறால் ஏற்றுமதிக் கம்பெனிச் சட்டைக்குள் மாரிச்செல்வத்துக்கு வேர்த்தது. “நகந்தா?”

“நாடு முழுக்க விலைவாசி இறங்கும்.”

“ஏளா, விலை இறங்குனா நல்லதுதான?”

“வாங்க ஆளில்லாமல்லா இறங்குது! உற்பத்தியும் சேந்து குறையும். பொறவு ஆளக் குறைப்பாவ.”

அடுக்களையில் இருக்கும் மனைவி பேச்சியின் காதில் இது விழுந்துவிடக் கூடாதே என்று பயந்தார்.

“போதும்ளா, நிறுத்து.”

பேச்சி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். “ஒம் பாடத்த காலேசுல போயி நடத்து. அவரு லேட்டாப் போயி மேனேசர்ட்ட ஏச்சு வாங்கணுமாக்கும்? அந்தச் சம்பளத்துலதான் ஒன் படிப்பே ஓடுது.”

மாரிச்செல்வம் தலை நிமிராமல் பைக்கைத் தெருவுக்கு உருட்டினார். பின்னாலேயே வந்த மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“வேல போனத அம்மாட்ட நான் சொல்லலப்பா. ஆனா இன்னைக்கும் பீச்சுல வெயில்ல உக்காராதிய. லைப்ரரியில ஃபேன் இருக்கு, அங்கன போங்க.”