கல் வீட்டுச் சுவர்

இப்போதெல்லாம் எவனும் கைவேலையைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறான். ஃபைபர் சாமான் ஒட்டிப் பிழைக்கும் எனக்கு மிச்சமிருந்த ஒரே வாடிக்கை ஹரிஹரன். அவனும் உடைந்த ஃபைபர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே வேலை செய்யும் கௌஸ் மைதீன் வீட்டுக்குள் போகிறான். நான் வாசல்வரை போய் நிற்கிறேன். டச்சுக்காரன் காலத்துக் கல் வீடு. சுவரின் தடிமனே என் கை நீளம் இருக்கும். வெளியே வெயில் கொதிக்கிறது. உள்ளே முன்கூடத்தில், கூரையடிச் சின்ன ஜன்னல்கள் வழியாக அது நாலு துண்டாக மட்டும் விழுகிறது. ரெசின் பசை நாற்றமும் அந்த வழியாகவே வெளியேறிவிடுகிறது. கௌஸ் குவளையில் ரெசினோடு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து, பெட்டியின் விரிசல்மேல் பிரஷால் நீவுகிறான். வெற்றிலையை மென்றுகொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு நீவுகிறான். என் தகரக் கொட்டகைச் சூட்டில் இந்நேரம் அது குவளையிலேயே இறுகிக் கல்லாகியிருக்கும்.

"இன்னா நைனா, வாசல்லயே நிக்கறே? உன் வேலையயும் இங்க எடுத்தாந்து செய்யேன். எடம் சும்மாதான கெடக்குது" என்கிறான் கௌஸ்.

"எனுக்குக் கொட்டா இருக்குது. நீ சீக்கிரம் எறுகாம இருக்க ஹார்ட்னர கம்மியா ஊத்தி ஊர ஏமாத்து."

"நீ ஒட்னதுதான் நைனா மறுவாரமே வாயப் பொளந்துச்சு" என்று ஹரிஹரன் சிரிக்கிறான்.

"ஒன் அளவுதான் நைனா நானும் ஊத்தறேன். வேணும்னா சொவத்தத் தொட்டுப் பாரு" என்கிறான் கௌஸ்.

தொடுகிறேன். தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருக்கிறது. கை அங்கேயே கிடக்கப் பார்க்கிறது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறேன். சுவராவது, வேலை செய்வதாவது! ஹார்ட்னரைக் கம்மியாகத்தான் ஊற்றுகிறான்.