ஒத்துக்கொண்ட வேலை

வரதராஜன் கட்டிய வீடுகள் திருத்தணியில் ஒன்றுகூட அசையவில்லை. எழுபத்தோரு வயதில் அவருடைய முழங்கால்தான் ஆட்டம் கண்டுவிட்டது. சாரத்தில் ஏற முடியாமல் போனதும், ஆடிக் கிருத்திகைக்குள் கம்பெனியை மகன் ஸ்ரீதரிடமோ மருமகன் பரணிதரனிடமோ ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார்.

“கல்யாண மண்டபம் சைட்ல மூணு தபா கம்பி காணாமப் போயிருக்குது. திருடனை எவர் புடிக்கிறாரோ, அவருக்குத்தான் இந்த நாற்காலி.”

பரணிதரன் மூன்று நாள் சைட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கொசுக்கடிதான் மிச்சம். நிஜத் திருடனைத் தேடி அலைவதைவிட ஒருவனை ஏற்பாடு செய்துகொள்வது சுலபம் என்று நான்காம் நாள் புத்தியில் பட்டது.

அரக்கோணம் ஸ்டேஷன் எதிரே ஒரு டீக்கடையில் துரைக்கண்ணு கிடைத்தான். இரும்புத் திருட்டில் இரண்டு தடவை உள்ளே போய் வந்தவன்.

“நீ கம்பியை வண்டியில ஏத்து. நான் வந்து புடிச்சி மாமாகிட்ட இட்டுகினு போவேன். அழுது மன்னிப்புக் கேளு. போலீசுக்குப் போகாம நான் பாத்துக்கறேன்.”

துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தான். “எந்தக் கம்பி சார்? எட்டு எம்எம்மா, பன்னெண்டா?”

“எதுவா இருந்தா இன்னா?”

“அப்படிச் சொல்லக் கூடாது சார். பன்னெண்டுன்னா கூட ஒரு ஆளு வேணும்.” டைரியைப் புரட்டினான். “வியாழக்கிழமை வேற வேலை இருக்குது. வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக்கு வந்துடறேன். ஆளுங்க துன்னுட்டுப் படுத்துகினு இருப்பாங்க. சட்டையைப் புடிக்கலாம், கிழிக்கக் கூடாது. அடி கிடி கெடையாது.”

அட்வான்ஸை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை பரணிதரனால்தான் நேரத்துக்கு வர முடியவில்லை. திருப்பதி பஸ் ஒன்று நடுரோட்டில் நின்றுபோய் வழியை அடைத்துக்கொண்டது. அவன் வியர்த்து விறுவிறுத்து சைட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. குட்டி யானை வண்டியில் கம்பிகள் மடக்கிக் கட்டப்பட்டு, நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணியும் தொங்கியது.

“அரை மணி நேரமா திருடிகினே நிக்கறேன் சார்,” என்று துரைக்கண்ணு பல்லைக் கடித்தான். “நிஜமாவே எவனாச்சும் புடிச்சிருந்தா?”

பரணிதரன் சட்டையைப் பிடித்தான், கிழிக்காமல். “திருடன்! திருடன்!” என்று போட்ட கூச்சலில் சித்தாள்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஆபீசில் வரதராஜன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஸ்ரீதர் நின்றான். துரைக்கண்ணுவைப் பார்த்ததும் அவன் முகம் ஏன் சுண்ணாம்பாக வெளுத்தது என்று பரணிதரனுக்குப் புரியவில்லை.

“மாமா, புடிச்சிட்டேன்!”

“ஆங், பாத்தேன். நேத்து காலையில ஸ்ரீதரும் இதே ஆளைத்தான் புடிச்சிகினு வந்தான்.”

பரணிதரனின் கை தானாக நழுவியது.

“நைனா, அது வந்து...” என்று ஸ்ரீதர் ஆரம்பித்தான்.

“ரெண்டு நாளைக்கு வாயைத் தொறக்காதேன்னு சொன்னேன் இல்லே?” வரதராஜன் மருமகன் பக்கம் திரும்பினார். “உங்க மச்சானை வெளியே அனுப்பிட்டு இவனைத் தனியா விசாரிச்சேன் மாப்ளே. எல்லாத்தையும் சொல்லிட்டான். போலீசைக் கூப்பிடட்டுமான்னா, ‘நாளைக்கு இதே சைட்ல இன்னொரு வேலை ஒத்துகினு இருக்கேன், முடிச்சிட்டு வந்துடறேன் ஐயா’ங்கறான். சரி, போய் முடிடான்னு விட்டுட்டேன்.”

“நிஜத் திருடன்...” என்றான் பரணிதரன் ஈனசுரத்தில்.

“அவன் எப்படி வர்றான்னும் இவன்தான் சொன்னான். பின்பக்க மதிலை ஒட்டி மணலைக் குவிச்சி வச்சிருக்கீங்க. அது மேல ஏறி எவன் வேணா உள்ளே குதிக்கலாம். மூணு நாளு சுத்துனீங்களே, கண்ணுல பட்டுதா?”

வரதராஜன் மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

“லெட்டர் பேப்பரை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க.”

பரணிதரன் பேனாவைத் திறந்தான். “என் பேரும் வருமா மாமா?”

“வராம? ரெண்டு பேர் பேரும் கடைசியில வரும். மொதல்ல அவன் பேரு, வயசு, ஊரு.”

பரணிதரன் எழுதினான். துரைக்கண்ணு, நாற்பத்திரண்டு, அரக்கோணம்.

“குற்றம்னு இன்னா மாமா எழுதறது?”

வரதராஜன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். “அட்வான்ஸ் வாங்கினான். சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துக்கு வந்தான். ஒத்துகின வேலையை முடிச்சான். நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல நான் பாக்காத அதிசயம்.”

‘குற்றம்’ என்று எழுதியிருந்த இடத்திலேயே பரணிதரனின் பேனா நின்றது.

“குற்றம்னு எழுதினதை அடிச்சிட்டு, ‘பதவி: ஜெனரல் மேனேஜர்’னு போடுங்க மாப்ளே; கீழே, ‘ஸ்ரீதரும் பரணிதரனும் திங்கட்கிழமை முதல் இவரிடம் வேலை கற்றுக்கொள்வார்கள்’னு சேத்துக்குங்க.”