ரெண்டு மணி மேக்கப்

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க! அந்தப் பக்கம் போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்க!"

மஹ்னூர் கத்தியதில் சைக்கிள் நின்றது. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரை சுற்றிய துண்டு. ஓட்டி வந்தது ஒரு பெண் என்பதே குரலைக் கேட்டபின்தான் தெரிந்தது. பின்னால் இரண்டு பக்கமும் சேறு அப்பிய பைகள்.

ஐப்பசி மழைக்குப் பல்லடம் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. உடுமலையிலிருந்து மஹ்னூர் வந்த பஸ் முக்கால் மணி நேரமாக அங்கேயே நின்றது. பக்கத்துத் தென்னந்தோப்பு வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் மட்டும் மரத்தைத் தாண்டலாம்.

"எங்கீங்க போகோணும்?"

"பல்லடமுங்க. தறிக்காரர் மாரப்பன் ஊடு. அவங்க பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம். ரெண்டு மணிக்கு மேக்கப்புக்கு வரச் சொன்னாங்க, இப்பவே மணி ரெண்டு. பார்லர் ஆரம்பிச்சு ஆறு மாசத்துல இதுதானுங்க முதல் பொண்ணு ஆர்டர். இதுவும் போச்சுன்னா காலம் பூராம் புருவம் மட்டும்தான் திருத்திட்டு இருக்கோணும்."

அவள் ஒரு நிமிஷம் மஹ்னூரையே பார்த்தாள். பிறகு கடகடவென்று சிரித்தாள்.

"ஏறுங்க."

கேரியர் மேல் சுருட்டிக் கட்டியிருந்த கூடாரத்தை அவிழ்த்து மஹ்னூர் முதுகில் மாட்டிவிட்டாள். மேக்கப் பெட்டி ஹேண்டில்பாரில் தொங்கியது. வரப்பைக் கடந்து ரோட்டுக்கு வந்ததும் மிதிக்க ஆரம்பித்தாள்.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"கன்னியாகுமரிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றனுங்க. இன்னியோட பதினோரு நாள்."

"தனியாவா!"

"தனியாத்தான். கயத்தாறுல நனைஞ்சு, திண்டுக்கல்லுல காஞ்சேன். நேத்து கணியூர்ல ஒரு தோழி ஊட்டுல தங்கல். காலையிலயே ஊடு சேர்ந்திருக்கோணும். ரெண்டு தடவை பஞ்சர்."

"ஊட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அப்பா ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாம் நாள் அவரே டயருக்குக் காத்தடிச்சுக் குடுத்தாரு."

முன்னால் ரோடு சரிந்து இறங்கியது. சைக்கிள் பறந்தது. "யா அல்லா!" என்று கண்ணை மூடிக்கொண்ட மஹ்னூர், பாதி இறக்கத்தில் மெல்லத் திறந்தாள். காற்றாலைகள், ஈர வயல், கோழி ஏற்றிய லாரி எல்லாம் பின்னால் ஓடின. சிரிப்பு தன்னால் வந்தது. அடுத்த இறக்கம் எப்போது வரும் என்று எட்டிப் பார்த்தாள்.

மேட்டில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதுதான் அவள் துண்டையும் கண்ணாடியையும் எடுத்தாள். மஹ்னூர் பதறிவிட்டாள்.

"அய்யோ, முகத்தை என்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க! மூக்குத் தோலு உரிஞ்சு போச்சு. கண்ணைச் சுத்தி மட்டும் வெள்ளையா இருக்குது!"

"அவ்வளவு மோசமாவா?"

"பின்ன? நான் மேக்கப் போடப் போற பொண்ணு பத்து நாளா வாசப்படி தாண்டியிருக்காது. மஞ்சளு, கடலை மாவுன்னு பூசிட்டு இந்நேரம் ஃபேனுக்கடியில உக்காந்திருக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா அந்தப் பொண்ணை?"

"இல்லீங்க. அதோட சித்திதான் போன்ல பேசுனாங்க. பட்டுப் போல இருக்கும், லேசா டச்சப் பண்ணுனா போதும்னாங்க."

குடித்த தண்ணீர் அவளுக்குப் புரையேறியது. மஹ்னூர் தலையில் தட்டிவிட்டாள்.

"ஒரு நாள் உடுமலை வாங்க்கா. என்னைய ஏத்திட்டு வந்தீங்கல்ல, உங்க முகத்தை நானே சரி பண்ணித் தர்றேன்."

"கண்டிப்பா."

மூன்றுக்குள் பல்லடம் வந்துவிட்டது. பந்தலும் வாழைமரமும் நின்ற வீட்டு வாசலில் பிரேக் பிடித்ததும் மஹ்னூர் குதித்தாள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, முதுகில் கூடாரத்தோடு உள்ளே ஓடினாள்.

மாரப்பனின் மனைவி மருதாள் பட்டுப்புடவையோடு நடையில் வழிமறித்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க! நான்தான் பார்லர் மஹ்னூர். ரோட்டுல மரம் விழுந்துருச்சுங்க. பொண்ணு ரொம்ப நேரமா காத்துட்டு இருக்குதுங்களா? எந்த ரூமுங்க?"

மருதாள் மஹ்னூரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். முறைக்கப் பார்த்தாள்; முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ரூம்ல எங்க கண்ணு இருக்குது? உன்னையக் கேரியர்ல உக்கார வெச்சு மிதிச்சுட்டு வந்துச்சே, அதுதான் பொண்ணு!"