லைட் எரியுது அண்ணே!

வெளிநாடு பார்க்கப் புறப்பட்ட ஒரு சின்னக் கார் எல்லையைத் தாண்டியது. அங்கே எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் பட்டப்பகலில் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காருக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, லைட் எரியுது! அக்கா, உங்களுக்கும் எரியுது!" என்று கத்திக்கொண்டே போனது. அது அவ்வளவு அக்கறையாகச் சொன்னதால் பதினான்கு வண்டிகள் நன்றி சொல்லி விளக்கை அணைத்தன.

பின்னாலேயே போலீஸ் ஜீப் விரட்டி வந்து மறித்தது. "இங்கே பகல்லயும் லைட் போட்டுத்தான் ஓடணும். வெளிநாட்டு வண்டிக்கும் அதே சட்டம்தான்."

"சூரியன் இருக்கே சார்?"

"அது எங்க கட்டுப்பாட்டுல இல்லை. நீ இருக்கே."

கார் அவசரமாக விளக்கைப் போட்டுக்கொண்டது. "அபராதம் உண்டா சார்?"

"நீ புதுசு, போனாப் போகுது. அந்தப் பதினாலு பேருக்கும் போட்டாச்சு. எல்லாரும் எல்லையிலதான் காத்திருக்காங்க. நீ எப்போ திரும்பி வருவேன்னு கேட்டாங்க."