ரிவ்காவின் வெள்ளி

புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணையில் மாலை வெயில் கம்பிவலை வழியாக இறங்கித் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. முட்டை அட்டைகளின் மேல் சாய்த்து வைத்த செல்போனில் மக்கபியா ஓடுகிறது. உலகெங்குமுள்ள யூத வீரர்கள் இஸ்ரேலில் கூடி ஆடும் போட்டி அது. கையில் ஈட்டியோடு நிற்கிறாள் ரிவ்கா, சங்ககிரிக்கு மாற்றலாகி வந்த பம்பாய் யூதக் குடும்பத்துப் பெண். இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் தனப்பிரியாதான் அவளுக்கு ஈட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். பண்ணை வேலைக்கு முன்னால், விடிகாலையில், வருசக்கணக்காக. ரிவ்கா ஓடிவந்து இடது தோளைத் தாழ்த்துகிறாள். தனப்பிரியாவின் தோளும் தானாகத் தாழ்கிறது. ஈட்டி தொலைவில் புல்லில் குத்தி அதிர்கிறது. வெள்ளிப் பதக்கம்! மைக்கை நீட்டி யாரோ ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், கோச் யார் என்று. கோழிகளின் இரைச்சலில் தனப்பிரியா போனைக் காதோடு அழுத்துகிறாள். முதலில் ரிவ்காவின் சிரிப்பு கேட்கிறது. "யாருமில்லை. எங்கள் பக்கம் கோச்சே கிடையாது. வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன்."

தீவன மூட்டையைப் போட்டுவிட்டு தனப்பிரியாவின் புருசன் மயில்சாமி ஓடி வருகிறான். "ஏம்புள்ள, செயிச்சுட்டாளா? உம்பேரச் சொன்னாளா?"

தனப்பிரியா போனை அணைக்கிறாள். "சொன்னாளுங்க."

"ஆத்தாயக்கா, கேட்டீங்களா! நம்மூட்டுப் புள்ள பேரு வெளிநாட்டு டிவில வந்துருச்சு!" முட்டை பொறுக்கும் ஆத்தாயக்காவைக் கூப்பிடும் அவன் குரல் கொட்டகை முழுக்க ஓடுகிறது. வேலையாட்கள் கை தட்டுகிறார்கள். தனப்பிரியா காலி அட்டைகளை அள்ளிக்கொண்டு, யாரும் முகம் பார்க்க முடியாத கடைசி வரிசைக்கு வேகமாக நடக்கிறாள்.